அலமாரிக்குப் பெயின்ட்: முதலில் எண்ணெய், பிறகுதான் எண்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் சமையலறை அலமாரிகள் கண்ணை உறுத்தத் தொடங்கும். உடனே ஹார்ட்வேர் கடை. பெயின்ட் நிறம் பார்க்க அரை மணி நேரம், உப்புத்தாள் எடுக்க அரை நிமிடம். தைப்பூசக் காவடி வருவதற்குள் கதவு உரியத் தொடங்கினால் பழி பெயின்ட் மேல்!

தாளைத் தொடுவதற்கு முன்பே நடக்கும் தவறு, கழுவாமல் தேய்ப்பது. அடுப்புக்கு மேலே இருக்கும் கதவில் வருடக்கணக்கான தாளிப்புப் புகை படிந்திருக்கும். பக்கத்திலேயே காமாட்சி விளக்கு ஏற்றுகிற வீடென்றால் எண்ணெய்க் கரியும் சேர்ந்திருக்கும். தேய்த்தால் இது போகாது. கீறல்களுக்குள் இறங்கிவிடும், தாளும் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். பிசுக்கு எடுக்கும் சுகர் சோப்பை (சர்க்கரை பெயரில் மட்டும்தான்) வெந்நீரில் கரைத்துத் துடையுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கைப்பிடியைச் சுற்றி இரண்டு தடவை.

இனி தாளின் எண். எண் ஏற ஏறத் தாள் நைசாகும்: 80 முரடு, 120 நடுத்தரம், 220 நைஸ். இந்தக் கணக்கு தெரிந்தும் நான் சறுக்கினேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பாட்டி வீட்டு அலமாரியை அசல் மரம் என்று நினைத்து 80-ஐ எடுத்துத் தேய்த்தேன். மேலே இருந்தது வெறும் வெனீர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மரத்தோல். பத்துத் தேய்ப்பில் ஓரம் கிழிந்து உள்பலகை பல்லைக் காட்டியது. பட்டி பார்த்து மறைத்தேன், ஆனாலும் பாட்டியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஆகவே எண்ணை முடிவு செய்வதற்கு முன் கதவைக் கழற்றி, கீல் துளையைப் பாருங்கள். துகள் துகளாகத் தெரிந்தால் சிப்போர்டு, மரத்துகளை அழுத்திச் செய்த பலகை. அதன்மேல் மெலமைன் என்ற வழவழப்பான, பிளாஸ்டிக் போன்ற மேற்பரப்பு ஒட்டியிருந்தால், அதை உரித்தெடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். 180 அல்லது 220-ஆல் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். மெலமைன் கிழிந்தால் சிப்போர்டு ஈரம் குடித்து உப்பும். தேய்த்த பிறகு வழவழப்பில் பிடிக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்காவிட்டால் எந்தத் தாளும் உதவாது. மரநாரை அழுத்திச் செய்த, இங்கே பலர் சூப்பாவுட் என்று சொல்லும் எம்.டி.எஃப். பலகை என்றால் முகப்பை 220-ஆல் லேசாகத் தேய்த்தால் சரி. அதன் வெட்டு ஓரங்கள் பெயின்டை உறிஞ்சிச் சிலிர்த்துக்கொள்ளும். பிரைமர் அடித்து, காய்ந்ததும் மறுபடி 220. எம்.டி.எஃப்.பில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம், வீங்கிவிடும். மெராண்டி போன்ற அசல் மரத்துக்கு 120, பிறகு 180, ரேகை ஓடும் திசையில். உரிந்து நிற்கும் பழைய பெயின்டின் விளிம்புக்கு மட்டும் 80.

80-இலிருந்து நேரே 220-க்குத் தாவுவதும் வீண். முரட்டுத் தாளின் கீறல்களை அவ்வளவு நைசான தாளால் அழிக்க முடியாது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது அத்தனையும் தெரியும். இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு: 400 போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்குவது. பிரைமர் பிடிக்க மெல்லிய கீறல் வேண்டும். 320 போன்ற நைஸ் தாளைப் பூச்சுகளுக்கு நடுவே லேசாகத் தடவ வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் கம்பளியால் தேய்ப்பவர்களும் உண்டு. அதன் துணுக்குகள் தண்ணீர்ப் பெயின்டுக்கு அடியில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாக எழும்பும். கடற்காற்று வேறு! விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். கார்க் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுக்குத் தேய்ப்பு ஸ்பாஞ்ச்.

பல பத்தாண்டுப் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கிற அலமாரி என்றால் முதலில் ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள். இருந்தால் உலர்த்தூசி பறக்கும்படி தேய்க்கவே கூடாது, மெஷின் அறவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இதில் விளையாட வேண்டாம். ஈயம் இல்லாத அலமாரிக்கும் தூசி முகமூடி அவசியம்.

என்னைக் கேட்டால் இந்த வேலையைத் தீபாவளிக்கே வைக்கக்கூடாது. அப்போது இங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும். ஜூன், ஜூலையில் காற்று உலர்ந்திருக்கும். பெயின்டும் ஒழுங்காகக் காயும். மிஞ்சிய தாளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், ஈரக்காற்றில் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும்.