எம்பெடட் மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குறிப்பாக அந்த ஒன்று

சென்ற வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன், கருவிக்குள் இருக்கும் சில்லில் ஓடுவதற்காக எழுதிய நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். டைமர் இன்டரப்டுக்குள், அதாவது மற்ற வேலையை இடைமறித்து, குறித்த இடைவெளியில் தானாக ஓடும் பகுதிக்குள், ஒரே ஒரு வரி. அதைப் பார்த்ததுமே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தலைகுனிந்து நின்றது நினைவுக்கு வந்துவிட்டது. அன்று அதே வரியை அதே இடத்தில் எழுதியவன் நான்.

அரைப்புள்ளியை விடுவது, ஒப்பிடும் இடத்தில் ஒற்றைச் சமக்குறி போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே திட்டிவிடும். யாரும் திட்டாத தவறுகள்தான் பணத்தைத் தின்கின்றன.

வாட்ச்டாக்கை டைமர் இன்டரப்டிலிருந்து தட்டுவது

வாட்ச்டாக் என்பது சில்லுக்குள் பூஜ்யத்தை நோக்கி எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு கடிகாரம். நிரல் அவ்வப்போது அதைத் தட்டி, மறுபடி முதலிலிருந்து எண்ண வைக்க வேண்டும். நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் தட்ட ஆள் இருக்காது. எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொடும். சில்லு ரீசெட் ஆகி, நிரலை முதலிலிருந்து தொடங்கும். இவ்வளவுதான் சமாச்சாரம்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது, கைபேசியால் இயக்கும் பம்பு ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் விவசாயி டார்ச்சுடன் தோட்டத்துக்கு ஓட வேண்டாம். என் நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைச் சுழற்சி, கைபேசி வலையமைப்போடு பேசும் ஜிஎஸ்எம் மோடத்துக்குக் கட்டளை அனுப்பிவிட்டு 'ஓகே' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? பதில் வரும் வரை. கால வரம்பு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிக்னல் மோசமான இடங்களில் மோடம் பதில் சொல்லத் தாமதமாகும். அதற்குள் வாட்ச்டாக் ரீசெட் செய்துவிடும். சோதனை மேசையில் இது பெரும் தொல்லையாக இருந்தது. நான் என்ன செய்தேன்? தட்டும் வரியைத் தூக்கி, 1 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஓடும் டைமர் இன்டரப்டுக்குள் வைத்தேன். ரீசெட் அடியோடு நின்றது. சிக்கலைத் தீர்த்துவிட்ட பெருமையோடு டீ குடிக்கப் போனேன்.

ஜிஎஸ்எம் மோடம் அலைபரப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தத் தோப்பில் ஒரு நாள் இரவு மின்னழுத்தம் சரிந்து மோடம் மட்டும் செயலிழந்தது, என் நிரல் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லு தப்பித்தது. 'ஓகே' வரவில்லை. முதன்மைச் சுழற்சி அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் இன்டரப்ட் அந்தச் சுழற்சியை நம்பி ஓடுவதில்லையே! அது தன்பாட்டுக்கு வாட்ச்டாக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. தண்ணீரின்றி ஓடும் பம்பு இழுக்கும் மின்னோட்டம் குறையும். அதைக் கவனித்து, மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை விடுவிக்கும் பகுதி, நின்றுபோன அந்தச் சுழற்சிக்குள்தான் இருந்தது. சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் குளிர்ச்சியே சுற்றிலும் ஓடும் நீர்தான். விடிவதற்குள் காயில் கருகிவிட்டது.

"பச்சை விளக்கு ஒழுங்காகத்தானே மின்னிக்கொண்டிருந்தது, தம்பி?" என்று கேட்டார் தோப்புக்காரர். மின்னத்தான் செய்யும். அந்த விளக்கையும் அதே இன்டரப்டில்தான் மின்ன வைத்திருந்தேன். மோட்டாரை மேலே ஏற்றி, காயில் கட்டி, மறுபடி இறக்கிய செலவு முழுவதையும் நிறுவனம் ஏற்றது. அவருடைய வாடிய பயிருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

இப்போது அந்தப் பையனும் சொல்கிறான்: "சார், அங்கே வைக்காவிட்டால் அடிக்கடி ரீசெட் ஆகிறது." ஆகட்டும் தம்பி. ஏன் ஆகிறது என்று பார். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலமும் அடிக்கடி ரீசெட் ஆனது. அந்தப் பொறியாளர்கள் வாட்ச்டாக்கின் வாயை அடைக்கவில்லை. பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அதே கோளாறை வரவழைத்து, முக்கியமான வேலை முக்கியமற்ற வேலைக்காகக் காத்து நிற்கும் முன்னுரிமைச் சிக்கலைக் கண்டுபிடித்து, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள்.

செய்ய வேண்டியது: முக்கியமான ஒவ்வொரு வேலையும் தன் முறை முடிந்ததும் ஒரு கொடியை, அதாவது 'முடித்தேன்' என்ற அடையாளத்தை, உயர்த்தட்டும். எல்லாக் கொடிகளும் உயர்ந்திருந்தால் மட்டும், நிரல் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில், வாட்ச்டாக்கைத் தட்டிவிட்டுக் கொடிகளை இறக்குங்கள். எதற்காகக் காத்திருந்தாலும் கால வரம்பு வையுங்கள். சில்லு விழித்ததும் ரீசெட்டுக்கான காரணம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்டரை (சில்லின் உள் பதிவிடத்தை) படித்துச் சேமியுங்கள். ரீசெட் ஆகும் கணத்தில் ரிலே தானாக விடுபடும்படி மின்சுற்று அமைந்திருக்கிறதா என்று வன்பொருள்காரரிடம் கேளுங்கள்; அவர் முறைத்தாலும் கேளுங்கள்.

'வோலடைல்' போட்டால் போதும் என்று நம்புவது

'வோலடைல்' என்பது, ஓர் எண்ணை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் குறிச்சொல். இன்டரப்டும் முதன்மைச் சுழற்சியும் பகிரும் எண்ணுக்கு அது மட்டும் போதாது. 8 பிட் சில்லு ஒரு 16 பிட் எண்ணை இரண்டு தவணையாகப் படிக்கிறது. 255இன் கீழ்ப்பாதியைப் படித்த கையோடு இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்கிவிட்டால், உங்கள் கைக்குக் கிடைப்பது பழைய கீழ்ப்பாதியும் (255) புதிய மேல்பாதியும் (256) சேர்ந்த 511. படிக்கும் அந்த நொடித்துளிக்கு இன்டரப்டை நிறுத்தி வையுங்கள்.

நிமிடத்துக்கு ஒரு முறை ஈஈப்ரோமில் எழுதுவது

ஈஈப்ரோம் என்பது மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம். ஏடிமெகா328பி சில்லின் ஈஈப்ரோமுக்கு டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக் கையேடு) சொல்லும் ஆயுள், 1,00,000 முறை எழுதும் வரை. நிமிடத்துக்கு ஒன்று என்றால் 70 நாள்கூட வராது. நீங்கள் தரும் உத்தரவாதமோ ஓராண்டு. மதிப்பு மாறினால் மட்டும் எழுதுங்கள்; இடத்தையும் மாற்றி மாற்றி எழுதுங்கள்.

மில்லிவினாடிக் கணக்கு முடிவில்லாதது என்று நினைப்பது

சில்லு விழித்ததிலிருந்து மில்லிவினாடிகளை எண்ணும் எண் 32 பிட் என்றால் 49.7 நாளில் நிரம்பிவிடும். பிறகு பூஜ்யம். நேரங்களை நேராக ஒப்பிடாமல், இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்துப் பாருங்கள்.

மின்சுற்று வரைபடம் இல்லாமல் வேலையைத் தொடங்குவது

தொடங்காதீர்கள்.

டேட்டாஷீட்டோடு நின்றுவிடுவது

சில்லுத் தயாரிப்பாளர்கள் பிழைப்பட்டியல் என்று தனியாக ஒன்றை வெளியிடுவார்கள். அதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என் மூன்று நாட்களை விழுங்கிய ஓர் ஐ2சி (சில்லுகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) கோளாறு, அதன் நான்காம் பக்கத்தில் மாற்றுவழியோடு அச்சாகி இருந்தது.