தாத்தாவின் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: டாங்மியர் போகும் முன்

இங்கிலாந்தின் தென்கரையில், சிச்செஸ்டர் நகரத்துக்குக் கிழக்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் டாங்மியர் என்றொரு சிற்றூர். 1917இல் அங்கே விமானத்தளம் தொடங்கியது. 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சுக்கு எதிராக ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் போர்விமானங்கள் கிளம்பிய தளங்களில் அதுவும் ஒன்று. 1970இல் விமானப்படை அதை மூடிவிட்டுப் போனது. 1982இல் அதன் ஓரத்தில் ஓர் இராணுவ விமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அன்று முதல் அதைத் தன்னார்வலர்கள் நடத்திவருகிறார்கள்.

சம்பளம் வாங்காதவர்கள் நடத்தும் இடம் இது என்பதை மறந்துவிட்டுப் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பல அதிலிருந்தே முளைக்கின்றன.

நேரத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டனின் பெரிய அருங்காட்சியகங்களைப் போல எந்நாளும் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் மூடுவதும், கடைசி நுழைவை முன்னதாகவே நிறுத்திக்கொள்வதும் இத்தகைய சிறிய இடங்களில் சாதாரணம். வேறோர் ஊரில், இதே வகையான ஓர் இடத்தின் பூட்டிய கேட்டின் முன் இரண்டு குழந்தைகளுடன் நான் நின்றிருக்கிறேன். தவறு என்னுடையதுதான். முந்தின நாள் ஒரு போன் செய்திருந்தால் போதும். இன்னொன்று: பழைய விமானத்தளம் என்றால் திறந்தவெளி, கடற்காற்று. விமானங்கள் நிற்கும் கொட்டகையான ஹேங்கருக்குள்ளும் குளிர் விடாது. வெயில் அடிக்கிறதே என்று மெல்லிய சட்டையுடன் போகிறவர்கள், விமானங்களைவிடத் தேநீர்க் கடையைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

அடுத்தது, "இது ஒரிஜினலா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் முகத்தைச் சுளிப்பது. டாங்மியரில் இருக்கும் வெளிர்நீல ஸ்பிட்ஃபயர், கே5054 என்ற முதல் ஸ்பிட்ஃபயரின் முழு அளவு மாதிரி. அசல் விமானம் 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1939 செப்டம்பர் 4 அன்று, பிரிட்டன் போர் அறிவித்த மறுநாளே, ஃபார்ன்பரோவில் தரையிறங்கும்போது விபத்தில் அழிந்தது. ஆகவே அசலைக் காட்டு என்று எங்கே போய்க் கேட்டாலும் கிடைக்காது. பின்னால் வந்த போர்க்கால ஸ்பிட்ஃபயர்களிலிருந்து அந்த முதல் விமானம் தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டிருந்தது என்பதை உணர இப்படியொரு மாதிரிதான் வழி.

அதே கட்டடங்களில் அசல்களும் நிற்கின்றன. மாதிரியைப் பார்த்துச் சலித்தவர்கள் அவற்றையும் பாராமல் கடந்துபோவதுதான் வேடிக்கை. செக்கச்செவேல் என்றிருக்கும் ஹாக்கர் ஹன்டர் ஜெட் விமானத்தை விமானி நெவில் டியூக் 1953 செப்டம்பர் 7 அன்று சசெக்ஸ் கடற்கரையை ஒட்டி மணிக்கு 727.6 மைல் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். இன்னோர் அசலான குளோஸ்டர் மீட்டியோர் ஜெட்டின் சாதனை மணிக்கு 616 மைல். ஓட்டியவர் டெடி டொனால்ட்சன். நாள் 1946 செப்டம்பர் 7. ஏழு ஆண்டு இடைவெளியில் ஒரே தேதி, ஒரே கடற்கரை, இரண்டுமே டாங்மியரிலிருந்து கிளம்பியவை. டியூக்கின் சாதனை மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. அதே மாதக் கடைசியில் லிபியாவில் சூப்பர்மரீன் ஸ்விஃப்ட் என்ற ஜெட் அதை முறியடித்தது.

இந்த மாதிரி விவரங்களை அருகில் நிற்கும் தன்னார்வலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பலர் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் காவலாளி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இத்தகைய இடங்களில் அவர் விமானப்படையில் இதே ரக விமானத்தைப் பழுதுபார்த்தவராகவே இருக்கக்கூடும். கேட்கிறவர்களும் "எவ்வளவு வேகம் போகும்?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுதான் பலகையில் எழுதியிருக்கிறதே! "இதைக் குளிரில் ஸ்டார்ட் செய்வது எப்படி? எந்தப் பாகம் அடிக்கடி கெடும்? இப்போது நீங்கள் பழுதுபார்த்துக்கொண்டிருப்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. ஆகவே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். அரை நாள் வேண்டும்.

தொடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய இடங்களில் கண்ணாடிப் பெட்டி, கயிறு, மணியடிக்கும் கருவி எல்லாம் இருக்கும். சிறிய இடங்களில் விமானம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அது உங்கள் மீது வைத்த நம்பிக்கை. விரல் வியர்வையிலுள்ள உப்பு அலுமினியத்தை மெல்ல அரிக்கும். விமானி உட்காரும் காக்பிட்டின் மேல்மூடி பெரும்பாலும் கண்ணாடி அல்ல, ஒருவகைப் பிளாஸ்டிக். மோதிரம் உரசினாலே கீறல் விழும். இறக்கையிலோ மூக்கிலோ நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய், விமானத்தின் வேகத்தை அளப்பதற்கானது. குழந்தைகள் பிடித்துத் தொங்குவதற்கானது அல்ல. உட்கார்ந்து பார்க்கச் சில காக்பிட்களைத் திறந்து வைத்திருந்தால், சொன்ன இடத்தில் மட்டும் கால் வையுங்கள். மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட கைப்பிடியை இழுக்காதீர்கள். ஆபத்துக் காலத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசுவதற்கான பிடி அது. வெடிமருந்தை எப்போதோ எடுத்திருப்பார்கள். இருந்தாலும் அந்தப் பழக்கம் வேண்டாம். அக்காலத்து அளவுமானிகள் பலவற்றில் எண்கள் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். அவற்றை ஏன் மூடி வைத்திருக்கிறார்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள்.

இனி வீட்டுப் பொருள்களுக்கு வருகிறேன். நம்மவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தாத்தாவின் பதக்கங்கள் பெட்டியின் அடியில் கிடக்கும். இத்தகைய அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியதும், நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் செய்வது குத்துவிளக்கைப் போல அதைப் புளி போட்டுத் துலக்குவது! பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தப் போருக்காக வழங்கிய பொதுப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் படை எண்ணும் பெயரும் பொறித்தார்கள். நட்சத்திர வடிவப் பதக்கத்தில் பின்புறம், வட்டப் பதக்கத்தில் விளிம்பில். தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்தை மழுங்கடித்துவிட்டால், யாருடைய பதக்கம் என்பதற்கான சான்றே போய்விடும். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும்.

கடிதங்களையும் சம்பளப் புத்தகத்தையும் பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்யாதீர்கள். திரும்பப் பிரிக்கவே முடியாது. புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலில் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பேனாவின் மை முன்பக்கம் ஊறும். பையைக் கொண்டுபோய் நுழைவாயில் மேசையில் வைத்துவிட்டு வருவதும் கூடாது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்; யாருடையது, உங்களிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லுங்கள்; கையெழுத்திட்டுக் கொடுங்கள். கொடுத்ததை எப்போதும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். இன்னொரு இரும்புத் தொப்பியைவிட, அதை அணிந்தவர் எழுதிய ஒரு கடிதத்தையே நான் மேலாகக் கருதுவேன். பழைய குண்டோ தோட்டாவோ கிடைத்தால் காரில் ஏற்றிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீசைக் கூப்பிடுங்கள். வயலில் விமானத் துண்டு கிடக்கிறது என்று தோண்டுவதும் அப்படியே. பிரிட்டனில் நொறுங்கி விழுந்த இராணுவ விமானங்கள் எல்லாம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலில் இருப்பவை; தோண்ட உரிமம் வேண்டும். உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம் என்பது ஒரு காரணம்.

அதனால்தான் நொறுங்கிய எஞ்சின்களுக்கு முன்னால் சிரித்தபடி செல்ஃபி எடுப்பது உறுத்துகிறது. சத்தம் போடாமல் பார்த்துவிட்டு நகருங்கள்.

நமக்கு இங்கே என்ன இருக்கிறது என்று எண்ணி ஒதுங்குவதும் தவறே. திப்பு சுல்தானின் வழியில் வந்த நூர் இனாயத் கான், 1943 ஜூன் நடுவில் ஓர் இரவு டாங்மியரிலிருந்துதான் சிறிய லைசாண்டர் விமானத்தில் ஜெர்மனியர் பிடியிலிருந்த பிரான்சுக்கு, பிரிட்டனுக்கு ரகசியமாக வானொலிக் கருவியில் செய்தி அனுப்புபவராகப் போனார், திரும்பவில்லை. மெட்ராஸ் மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு (படைப்பிரிவுகளுக்கு) "மெட்ராஸ் பிரசிடென்சி" என்று பெயர் சேர்த்தார்கள். எந்த விமான அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அந்த மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள். பெயர்ப்பலகையில் நம் ஊர் எதிர்ப்படலாம்.

அருங்காட்சியகத்தைப் பார்த்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். ஊரின் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத் தோட்டத்தில் பிரிட்டிஷ் விமானிகளும் ஜெர்மன் விமானிகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். வடக்கே பாக்ஸ்குரோவில் அமெரிக்கரான பில்லி ஃபிஸ்கின் கல்லறை இருக்கிறது. 1940 ஆகஸ்ட் 16 அன்று, தளத்தின் மீது குண்டு விழுந்த அதே நாளில், அடிபட்ட ஹரிக்கேனை டாங்மியரில் கொண்டுவந்து இறக்கியவர் அவர், மறுநாள் இறந்தார். கார் இல்லாதவர்கள் அங்கே போவதற்கு முன் சிச்செஸ்டருக்குத் திரும்பும் பஸ் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.