வளரிளம் பிள்ளைகளிடம் மீள்திறனை வளர்ப்பது எப்படி?

அழாமல் இருப்பதையே மீள்திறன் என்று பொருள் கொண்டால், உணர்ச்சியை ஒளித்துவைப்பதைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவோம். மனம் நொறுங்குவது, நம்பிக்கையான ஒருவரை நாடுவது, சில நாள்களில் மீண்டும் தன் வேலைக்குத் திரும்புவது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மீள்திறன். அது பெருமளவும் பழக்கத்தால் வருவது.

முதலில் அந்த வயதின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் இப்பருவத்தில் வேகமாகத் தூண்டப்படுகின்றன. அவற்றை நிதானப்படுத்தும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. நெருங்கிய தோழி பேசாமல் போனதற்காகக் கதவை அறைந்து சாத்தும் 14 வயதுப் பெண் நடிக்கவில்லை. அவளுக்கு அந்த வலி உண்மையிலேயே அவ்வளவு பெரியது.

அந்த வேளையில் அறிவுரை உள்ளே இறங்காது. “இதற்கெல்லாமா அழுவது?” என்ற கண்டிப்பும், “எல்லாம் சரியாகிவிடும்” என்ற அவசர ஆறுதலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுகின்றன. அவற்றுக்கு மாறாக, “எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னது அவமானமாக இருந்ததோ?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உணர்ச்சிக்குப் பெயர் கிடைக்கும்போது அதன் வேகம் சற்றுத் தணிகிறது. உங்கள் ஊகம் தவறினாலும் கவலையில்லை. “அவமானம் இல்லை, ஏமாற்றம்” என்று பிள்ளை திருத்தினால், தன் மனத்தைத் தானே கவனிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எதிரே உட்கார்ந்து கேட்பதைவிடச் சேர்ந்து நடக்கும்போது கேட்பது பல பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும். பிறகு, “நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா, வழி யோசிக்கவும் உதவட்டுமா?” என்று அவர்களிடமே விட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் பழக்கிக்கொண்டாலும் வீட்டின் பாதிச் சண்டைகள் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

பதற்றத்தைத் தணிக்க மூச்சுப் பயிற்சி உதவும். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே விட வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்லக் குறைகிறது. ஆனால் இதை அமைதியான நாள்களில் பழகியிருந்தால்தான் தேர்வு அறையில் கைகொடுக்கும். வெள்ளம் வந்த பிறகு யாரும் நீச்சல் கற்பதில்லை.

பெற்றோர் அன்பினாலேயே தவறும் இடம் ஒன்று உண்டு. வகுப்பில் பேச அஞ்சும் மகனுக்காக ஆசிரியரிடம் விலக்குக் கேட்டால், அன்றைக்கு அவனுக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றும். வீட்டில் ஒருவர் முன் படித்துக் காட்டுவது, பிறகு இரண்டு நண்பர்கள் முன், பிறகு வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று படிகளை அவனே வகுக்கட்டும். ஒரு படியில் அச்சம் தானாகத் தணியும் அளவுக்குப் பழகிய பிறகு அடுத்ததற்குச் செல்லலாம். நீங்கள் அருகில் இருங்கள். அவனுக்குப் பதிலாகச் செய்யாதீர்கள்.

உறக்கத்தையும் கவனியுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இவ்வயதில் உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குவதால், விழித்திருப்பதைச் சோம்பலாகவோ அடமாகவோ கருத வேண்டாம். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கும் வழக்கத்தைப் பெரியவர்களும் சேர்ந்து கடைப்பிடித்தால் போதும்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கடும் நெருக்கடியில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையை அடைந்தனர். அக்கறையுள்ள ஒரு பெரியவரின் நிலையான துணை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அந்தப் பெரியவர் ஆசிரியராகவோ பாட்டியாகவோ இருக்கலாம். நீங்கள் கோபத்தில் கத்திவிட்டால், பின்னர் சென்று “நான் அப்படிப் பேசியது தவறு” என்று சொல்லுங்கள். விழுந்தபின் எழுவது எப்படி என்பதைப் பிள்ளை அங்கேதான் காண்கிறது.

சோர்வு, தூக்கமின்மை, நண்பர்களை விட்டு விலகுதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ அணுகுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. “ஆம்” என்ற பதில் வந்தால், பிள்ளையைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவ உதவிக்கு உடன் செல்லுங்கள்.