ரிட்டயர் ஆன பிறகு நாள் ஏன் நகர மாட்டேன் என்கிறது? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பணி ஓய்வுக்குத் தயாராவது என்றால் பலருக்கும் அது பணக்கணக்குதான். பென்ஷன் எவ்வளவு வரும், சேமிப்பு எத்தனை வருடம் தாங்கும் என்பதோடு யோசனை முடிந்துவிடும். ஆனால் வேலை சம்பளத்தோடு வேறு ஐந்தையும் சேர்த்தே கொடுக்கிறது என்று சொன்னவர் சமூக உளவியலாளர் மாரி யஹோடா. நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலர் கூடிச் செய்யும் காரியத்தில் ஒரு பங்கு, ஊருக்குள் ஓர் அடையாளம், சும்மா இருக்க விடாத கட்டாயம் ஆகியவையே அந்த ஐந்தும். கடைசி வேலைநாளின் சாயங்காலத்தில் இவை ஒன்றாக நின்றுபோகின்றன. எது நின்றது என்று பார்க்காமல் கையில் அகப்பட்டதை வைத்து இட்டு நிரப்புவதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

நீண்ட லீவு என்று நினைப்பது

லீவு இனிப்பதே அது முடிந்துவிடும் என்பதால்தான். 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற ஊரில் ஜவுளி ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்திருந்தது. யஹோடாவும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் நேரம் கொட்டிக் கிடந்தது. ஆனாலும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். அங்கே வறுமையும் சேர்ந்திருந்தது, பென்ஷன் வாங்குபவர் நிலை அதுவல்ல. ஆனாலும் நேரம் கூடினால் செயலும் தானாகக் கூடிவிடாது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஒரு தாளில் ஏழு நாளுக்கு ஏழு கட்டம் போடுங்கள். எழுந்திருக்கும் நேரத்தை ஏழு நாளும் ஒன்றாக வையுங்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, குறித்த நேரத்தில், வெளியே போக வேண்டிய ஒரு வேலை. "நான் போகாவிட்டால் யாராவது போன் போட்டு விசாரிப்பார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அந்தக் கட்டம் சீக்கிரமே காலியாகிவிடும். மற்ற கட்டங்களை அப்படியே விட்டுவிடலாம். காலை ஐந்திலிருந்து இரவு வரை அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரமே அதைக் கிழித்துப் போடுகிறார்கள்.

பகல் தூக்கம் 20 முதல் 30 நிமிடம் போதும், அதுவும் மூன்று மணிக்குள். மாலை வரை தூங்கிவிட்டு, "வயசானால் தூக்கம் வராது" என்று முடிவு கட்டுவதை அடிக்கடி பார்க்கலாம். 65-ஐத் தாண்டியவர்களுக்கும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

முதல் வருடத்திலேயே திரும்ப முடியாத முடிவு

சுற்றுலா போய் ஒரு வாரம் தங்கிய ஊர் பிடித்துப்போய், இருக்கும் வீட்டை விற்றுவிட்டு அங்கே குடிபோவது இந்த வகை. அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வண்டி ஓட்ட முடியாமல் போனால் மருத்துவமனைக்கு எப்படிப் போவீர்கள், இரவில் விழுந்தால் யார் வருவார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் இப்படித்தான். "பார்த்துக்கலாம்" என்று பொதுவாகத் தலையாட்டினால் அது முழுநேர வேலையாக முடியும். எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆபீஸ் நட்பு தொடரும் என்று நம்புவது

சிலது தொடரும். பெரும்பாலானவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது தினமும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததுதான். புது நட்புக்கு ஆகும் நேரத்தை 2018-இல் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுப் பார்த்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். வாரம் 2 மணி நேரம் சந்தித்தால் 200 மணி சேர ஏறக்குறைய இரண்டு வருடம். வாரத்துக்கு ஒரு புது நிகழ்ச்சிக்குப் போகிறவருக்கு எங்கேயும் மணிக்கணக்கு சேராது. ஒரே இடம், ஒரே கிழமை, அதே முகங்கள் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சலித்தாலும் மூன்று மாதம் போய்வாருங்கள்.

தன்னார்வப் பணியில் வேறொரு சிக்கல். முன்பு மேலாளராக இருந்தவர் முதல் நாளே அங்கிருக்கும் முறையைத் திருத்தக் கிளம்புவார், பத்து நாளில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். பொத்தாம் பொதுவாக "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பதும் பயன்படாது. "செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் வருகிறேன், கணக்குப் புத்தகத்தை நான் எழுதட்டுமா?" என்று ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். யோசனை சொல்வதை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். இத்தனை வருடம் துணைவர் தனியாக நடத்திய சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டு, அதற்குப் பாராட்டையும் எதிர்பார்க்கக் கூடாது. வீட்டில் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் முதலிலிருந்து கடைசி வரை நீங்களே செய்யுங்கள்.

நடந்தால் போதும் என்பது

நடை நல்லதுதான், ஆனால் தசைக்கும் சமநிலைக்கும் அது போதாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சி, மூன்று நாள் சமநிலையும் வலுவும் கூட்டும் பயிற்சி. உங்கள் நிலையை வீட்டிலேயே பார்க்கலாம். 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65–69 வயதில் ஆண்களுக்கு 12-க்கும் பெண்களுக்கு 11-க்கும் கீழே வந்தால் கால் வலுக் குறைவு, விழும் ஆபத்து அதிகம். பயிற்சியும் அதுவே. எட்டெட்டாக இரண்டு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம். முழங்கால் வலியோ தலைசுற்றலோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

"கூட்டம் பிடிக்கவில்லை, வீட்டிலேயே இருக்கிறேன்" என்று ஒருவர் ஒதுங்கினால், முதலில் காதைச் சோதியுங்கள். சத்தமான இடத்தில் பேச்சு பிரிந்து கேட்காதவர், தவறாகப் பதில் சொல்லிக் கூச்சப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிடுவார். காது நன்றாக இருந்தும், எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, அதிகாலையில் விழித்துக்கொள்வது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வயதின் கணக்கில் எழுத வேண்டாம். மனச்சோர்வு எந்த வயதிலும் சிகிச்சைக்கு உட்பட்டதே. தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே முகத்தோடு வரும் என்பதால், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.