உண்ணிச்செடிக் குச்சியில் ஒரு யானைக்குட்டி

1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடி (லாண்டானா), இன்று நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் புல் தலைகாட்ட விடாமல் காட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் தண்டைத்தான் கூடலூர் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் கைவினைஞர்கள் முழு அளவு யானைகளாக மாற்றுகிறார்கள். 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் அமெரிக்காவிலும் நின்ற யானைக் கூட்டம் அவர்கள் கைவேலை. கூடலூர் பகுதியில் உலவும் நிஜ யானைகளைப் பார்த்துச் செய்தவை அவை. கொம்பன் அளவுக்குப் போக ஆள்பலமும் பட்டறையும் வேண்டும். பிறந்த குட்டியின் அளவு, அதாவது தோள் உயரம் 90 செ.மீ. என்றால் இரண்டு பேர் வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம்.

குச்சி வெட்டுவது

வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது, களைச்செடியாக இருந்தாலும் சரி. பட்டா நிலம், தோட்ட ஓரம், வேலி, இவற்றில் உரிமையாளரைக் கேட்டு வெட்டுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

பட்டை பழுப்பாகி உருண்டு முற்றிய தண்டுதான் தேவை. நாலு விளிம்போடு, பச்சையாக, முள்ளோடு இருப்பது இளந்தண்டு. அது காய்ந்தால் சுருங்கிக் கோணிக்கொள்ளும். சுண்டுவிரலைவிட மெல்லியதாக 6–8 மி.மீ. குச்சி துதிக்கைக்கும் காதுக்கும், 10–15 மி.மீ. உடம்புக்கும் காலுக்கும். நாலடி நீளத்தில் 250 குச்சி பிடிக்கும். உடைவதும் பிளப்பதும் போக 300 வெட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு வெட்டினால் பட்டை சுலபமாகக் கழலும். பங்குனி, சித்திரையில் வெட்டியது அடுப்பில் இன்னும் நேரம் கேட்கும்.

வெட்டும்போது அடியோடு மட்டம் தட்டிவிட்டுப் போனால் ஆறே மாதத்தில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்கு 3–5 செ.மீ. கீழே வேரோடு வெட்டி, அடிக்கட்டையைத் தலைகீழாகப் போட வேண்டும். பழம் இருக்கும் கிளைகளை அங்கேயே உதிர்த்துவிடுங்கள். வண்டியில் ஏற்றினால் விதையை ஊருக்குக் கொண்டுவந்த கணக்கு. தழையை ஆடு மாடு எட்டும் இடத்தில் குவிக்காதீர்கள். தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும்.

வேகவைப்பது

நாலடிக் குச்சி முழுசாக மூழ்கும் நீளத்தில் ஓர் இரும்புத் தொட்டி வேண்டும். நீர் தளதளவெனக் கொதித்த பிறகு குச்சிகளை முழுக்க மூழ்க விட்டு இரண்டு முதல் மூன்று மணி நேரம். மேலே மிதப்பவற்றின் மேல் கல் வையுங்கள். இதில் மூன்று வேலை ஒரே சமயத்தில் நடக்கிறது: பட்டை தளர்கிறது, தண்டு வளையும் பதத்துக்கு வருகிறது, உள்ளே இருக்கும் துளைப்பூச்சி சாகிறது.

சூடு ஆறுவதற்குள் உரித்துவிட வேண்டும். கத்தியின் மொன்னைப் பக்கத்தால் ஒரு முனையைக் கிளப்பிவிட்டு, சாக்குத்துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்தால் பட்டை நீளமாக வந்துவிடும். ஆறிப்போனால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும், மறுபடி தொட்டியில் போடுவதே மேல். பட்டையைக் கொஞ்சம் விட்டுவைத்தால் அழகு என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தப் பட்டைக்கு அடியில்தான் பூச்சி முதலில் குடியேறும்.

உரித்ததை வெண்காரக் (போராக்ஸ்) கரைசலில் ஒரு நாள் ஊறவிடுங்கள். 50 லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் ஒன்றரை கிலோ, போரிக் அமிலம் ஒரு கிலோ. மூங்கிலைப் பதப்படுத்துகிறவர்கள் பயன்படுத்தும் அதே அளவு. வெந்நீரில் கரைத்தால் அடியில் தங்காது. ஊறிய குச்சியை ஈரத்தோடு எடுத்து வேலை செய்யுங்கள். ஒரு நாளில் கட்டி முடிக்கும் அளவை மட்டும் வெளியே எடுப்பது நல்லது. வெயிலில் கிடந்து விறைத்த குச்சியை முழங்காலில் வைத்து வளைத்தால் படக்கென்று முறியும்.

கம்பிக்கூடு

மொத்த வேலையில் யானை யானையாவது இங்கேதான். கூடு தப்பினால் மேலே எத்தனை குச்சி அடுக்கினாலும் பன்றிக்குட்டியாகவே நிற்கும்.

8 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்தில் ஒன்று, ஏறக்குறைய 4.7 கிலோ. 6 மி.மீ. கம்பி 15 மீட்டர், சுமார் 3.3 கிலோ. முதுகெலும்பும் கால்களும் 8இல், விலா வளையங்கள், தலை, காது, துதிக்கை 6இல். ஒவ்வொரு காலுக்கும் முக்கோணமாக மூன்று நிமிர்வுக் கம்பி. உடம்புக்கு ஐந்து வளையம், நடுவில் உள்ளது சுற்றளவு 115 செ.மீ., முன்னும் பின்னும் சற்றுக் குறையும். கால் மூட்டுகளையாவது வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடுங்கள். கட்டுக்கம்பியில் மட்டும் நிறுத்திய கூடு, குச்சியின் பாரம் ஏற ஏற ஒரு பக்கம் சாயும்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உதவும். யானையின் முன்பாதச் சுற்றளவைப் போல் இரு மடங்கு அதன் தோள் உயரம். ஆகவே 90 செ.மீ. குட்டிக்குப் பாதம் 45 செ.மீ. சுற்றளவு, குறுக்கே 14 செ.மீ.க்கு மேல். கம்பியில் வளைத்துப் பார்க்கும்போது அநியாயத்துக்குப் பெரிதாகத் தோன்றும். குறைத்துவிடாதீர்கள். குச்சியின் தடிமன் மேலே ஏறும் என்பதால் கம்பி வளையத்தை மட்டும் 38–40 செ.மீ. சுற்றளவில் வையுங்கள்.

நம்மூர் யானைக்கு முதுகு மேல்நோக்கி வளையும்; நடுவில் குழிந்தால் அது ஆப்பிரிக்க யானை. மத்தகம், அதாவது தலையின் உச்சி, இரண்டு மேடாக, நடுவில் பள்ளத்தோடு, உடம்பிலேயே உயரமான இடமாக இருக்க வேண்டும். காதின் மேல் விளிம்பு மத்தகத்தைத் தாண்டக் கூடாது. பின்காலில்தான் பலரும் தவறுகிறார்கள், கை பழக்கத்தில் மாட்டுக்கால் போட்டுவிடுகிறது. மாட்டுக்கும் நாய்க்கும் பின்காலில் பின்னோக்கி உந்தும் குதிமூட்டு தெரியும். யானைக்கு அப்படி இல்லை. முழங்கால் தாழ்வாக, முன்னோக்கி மடங்கும். கால் தூணாக இறங்கும். குட்டிக்குத் தந்தம் வேண்டாம். பெரிய ஆணிலேயே தந்தமில்லாத மக்னா உண்டு என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது.

குச்சி போர்த்துவது

இரும்பில் ஆணி இறங்காது. எனவே முதலில் 15 மி.மீ. குச்சிகளை 10 செ.மீ. இடைவெளியில் கூட்டின் மேல் படுக்கவைத்து, துத்தநாகம் பூசிய மெல்லிய கம்பியால் ஒவ்வொரு வளையத்திலும் இறுக்கிக் கட்டுங்கள். குறடால் முறுக்கிய முனையை உள்பக்கம் மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தடவ வரும் குழந்தையின் கையைக் கிழிக்கும். மேல்போர்வைக் குச்சிகள் இந்த அடிக்குச்சிகளில்தான் ஆணியடிக்கப்படும்.

ஆணி ஒரு அங்குலம், மெல்லியது, ஒன்றரைக் கிலோவாவது ஆகும். அதற்கு முன் 1.5 மி.மீ. துளை போட்டே தீர வேண்டும். முனையிலிருந்து இரண்டு செ.மீ.க்குள் துளையில்லாமல் அடித்த ஆணி, அன்றைக்குப் பிளக்காவிட்டாலும் காயும்போது பிளந்துவிடும்.

எந்தத் திசையில் அடுக்குவது? தோலின் ஓட்டத்தைப் பாருங்கள். உடம்பில் தோளிலிருந்து பின்புறம் நோக்கி, வயிற்றின் தொய்வோடு வளைந்து போகட்டும். காலில் நெட்டுக்குத்தாக. தோள் வந்து காலாக இறங்கும் இடத்தில் இரண்டு திசையும் மோதும். அங்கே குச்சிகளை விசிறி மாதிரி விரித்து, ஒன்றின் முனை அடுத்ததன் அடியில் ஒளியும்படி விடுங்கள். நெற்றியில் மத்தகத்திலிருந்து தொடங்கியதை வெட்டாமல் துதிக்கை வரை இறக்கினால் முகத்துக்கே ஓர் இழுப்பு கிடைக்கும். துதிக்கைக்கு முனையில் மேலே விரல் போன்ற நுனி ஒன்றே ஒன்று. இரண்டு வைத்தால் மறுபடி ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். குட்டியின் துதிக்கை குட்டையானது, தரைக்கு ஒரு சாண் மேலேயே முடிந்தால் வயது தெரியும்.

இப்போது முக்கியமான சங்கதி. பச்சைக் குச்சியை இடைவெளியே இல்லாமல் எவ்வளவு நெருக்கி அடித்தாலும், மூன்று வாரத்தில் காய்ந்து சுருங்கி இடையிடையே வெளிச்சம் தெரியும். ஆணியும் ஆடும். முதல் போர்வையை 70 சதவீதம் மட்டும் நிரப்பி, நிழலில் காற்றோட்டமாக மூன்று வாரம் விடுங்கள். பிறகு தளர்ந்த ஆணிகளைத் தட்டி இறுக்கி, மெல்லிய குச்சிகளால் சந்துகளை அடைக்கலாம். அவசரத்தில் இந்த ஓய்வைத் தாண்டியவர்களின் யானை, கண்காட்சி முடிவதற்குள் எலும்பைக் காட்டிவிடுகிறது.

கண்ணுக்குக் கருமரத்தில் கடைந்த உருண்டை, 2 செ.மீ. போதும். பெரிய கண் வைத்தால் பொம்மைக்கடைக்குப் போய்விடும். இடம் காதுக்கு முன்னால், வாயோரத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டைப் பார்த்து. முன்பாதத்துக்கு ஐந்து நகம், பின்பாதத்துக்கு நான்கு. தடித்த குச்சியின் அடிக்கட்டையைச் சரிவாக வெட்டினால் நகம் தயார். வால் முனைக்குப் பனந்தும்பைவிடப் பொருத்தமானது கிடையாது. கருத்து, விறைத்து, யானை முடி போலவே நிற்கும்.

எண்ணெயும் பராமரிப்பும்

முழுக்கக் காய்ந்த பிறகு லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் சமபங்கு கலந்து, இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பூச்சு. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், அது வெயிலில் செதிலாக உரியும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.

வெண்காரம் மழையில் கரைந்து போகும் சரக்கு. எனவே கூரைக்கு அடியில் வைப்பதே உத்தமம். வெளியில்தான் நிற்க வேண்டுமென்றால் பாதத்துக்கு அடியில் கருங்கல் பலகை போட்டு, ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் எண்ணெய் பூசுங்கள். குச்சிக்கு அடியில் மாவு போல் தூள் கொட்டினால் பூச்சி இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தத் துளையில் ஊசிக்குழாயால் வெண்காரக் கரைசலை ஏற்றி மெழுகால் அடையுங்கள். இரண்டு மூன்று குச்சியில் பரவியிருந்தால் பார்த்துக்கொண்டிருக்காமல் அவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டு, புதுக்குச்சி மாற்றுவதுதான் வழி.