புயல் நாளில் காணாமல் போன லாக்

2024 ஜனவரி 15, தைப்பொங்கல். ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கியபோது பெலால் சூறாவளி மொரீசியஸை நெருங்கியிருந்தது. சில மணி நேரத்தில் போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அப்போது எபேன் நகரில் நான் வேலை பார்த்த நிறுவனம், விமான நிலையத்திலிருந்து விடுதிகளுக்குப் போகும் கார்களை முன்பதிவு செய்யும் இணையச் செயலி ஒன்றை நடத்திவந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பயணத்தை ரத்து செய்ய வந்தார்கள். செயலி திணறி விழுந்தது, தானே எழுந்தது, மறுபடியும் விழுந்தது. பணம் திரும்ப வேண்டியவர்களில் சிலருக்கு இருமுறை போயிருந்தது. சிலருக்குப் போகவே இல்லை.

யார் யாருக்கு என்று பார்க்க லாக்கை, அதாவது செயலி தான் செய்வதை வரி வரியாகக் குறித்துவைக்கும் பதிவேட்டை, திறந்தோம். செயலி கடைசியாக எழுந்த பிறகான ஏழு நிமிட வரிகள் மட்டும் இருந்தன. மழை ஓய்ந்த பின் மூன்று நாட்கள், வங்கி அறிக்கையையும் தரவுத்தளத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டோம். அந்த மூன்று நாட்களில் கற்றதும், பிறகு வேறு அணிகளில் பார்த்ததும்தான் இங்கே எழுதியிருப்பவை.

முதல் தவறு, லாக்கைச் செயலி ஓடும் இடத்திலேயே கோப்பாக எழுதிவைப்பது. சொந்த சர்வர் காலத்தில் இது நியாயமான பழக்கம்தான். இயந்திரம் மூலையில் இருக்கும், வட்டும் அதோடு இருக்கும். மேகத்தில் (கிளவுட், அதாவது வாடகைக் கணினிகளில்) செயலியை அடைத்து ஓட்டும் உறையான கன்டெய்னர் ஒன்று விழுந்தால் பெரும்பாலும் அதை யாரும் தூக்கி நிறுத்துவதில்லை. எறிந்துவிட்டுப் புதிய ஒன்றை வைக்கிறார்கள். உள்ளே இருந்த கோப்பும் அதோடு போய்விடும். லாக் மிகவும் தேவைப்படுவது செயலி விழும்போது. அது காணாமல் போவதும் அப்போதுதான்.

ஆகவே செயலி கோப்பைப் பற்றியே கவலைப்படக் கூடாது. இயக்க முறைமை ஒவ்வொரு செயலிக்கும் தரும் இயல்பான வெளியீட்டு வழியான ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அங்கிருந்து அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் சேர்ப்பது அமேசானின் கிளவுட்வாட்ச் போன்ற சேவைகளின் வேலை. இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பைத்தான் நிரல் மொழியில் பிரிண்ட் கட்டளையால் எழுதினால், வெளியீடு திரைக்குப் போகாதபோது வரிகள் நினைவகத்தில் சேர்ந்து மொத்தமாக வெளியேறும். செயலியை இயக்க முறைமை திடீரெனக் கொன்றால் கடைசி வரிகள் வெளியே வராமலே போகும். நமக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வரிகள்தான். இப்படிச் சேர்த்துவைக்கும் இடையகத்தை நிறுத்திவைக்கும் அமைப்பு பைத்தானில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அல்லது பிரிண்ட்டை விட்டுவிட்டு முறையான லாக் நூலகத்துக்கு வாருங்கள். மைக்ரோசாஃப்டின் மேகமான அஸூரில், செயலிகளை ஓட்டும் ஆப் சர்வீஸில் இன்னொரு வேடிக்கை: கோப்பு முறைமையில் எழுதும் லாக் வசதியை முடுக்கிவிட்டால் 12 மணி நேரத்தில் அது தானாகவே அணைந்துவிடும். தற்காலிகச் சோதனைக்காக வைத்த வசதி அது. அதை நம்பித் தூங்கப்போன ஒருவரை எனக்குத் தெரியும். கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளான டாக்கரை உங்கள் சொந்த மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுபவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அதன் இயல்பான லாக் முறையில் கோப்பு அளவுக்கு வரம்பே இல்லை. ஒரு நாள் வட்டு நிரம்பி, லாக் எழுத இடமில்லாமல் செயலியே நிற்கும்.

அடுத்தது நேரம். எங்கள் சர்வர்கள் கேப் டவுனில், 2020-இல் அமேசான் திறந்த பிராந்தியத்தில் (தரவு மையத் தொகுப்பில்) இருந்தன. அங்கே நேரம் எங்களைவிட இரண்டு மணி பின்னால். சென்னையில் இருந்த துணை அணியின் நேரம் எங்களைவிட ஒன்றரை மணி முன்னால். வாடிக்கையாளர் பாரிஸில், குளிர்காலத்தில் மூன்று மணி பின்னால், கோடையில் இரண்டு. செயலி மொரீசியஸ் நேரத்தில் எழுதியது, தரவுத்தளம் உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதியது, அட்டைப் பணத்தைக் கையாளும் வெளிச் சேவையான கட்டண இடைமுகம் தன் விருப்பப்படி எழுதியது. எது முன்னே, எது பின்னே என்று கண்டுபிடிக்கவே ஒரு முற்பகல் போனது. "மொரீசியஸில் கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வழக்கம் இல்லையே, உள்ளூர் நேரம் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை இந்தத் தீவும் ஒரு மணி நேரம் முன்னே வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. எல்லா இடத்திலும் யுடிசியில், மில்லிநொடி வரை எழுதுங்கள். படிப்பவர் தன் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது திரையின் வேலை.

இனி, என்ன எழுதுவது. புயல் நாளின் ஏழு நிமிட லாக்கில் முந்நூற்றுச் சொச்சம் தடவை இருந்த வரி இது: "பிழை: பணம் திருப்ப இயலவில்லை." எந்த முன்பதிவு, எவ்வளவு, கட்டண இடைமுகம் என்ன பதில் சொன்னது, இது முதல் முயற்சியா மூன்றாவதா என்று எதுவும் இல்லை. எழுதியவர் அந்த வரியைத் தட்டியபோது இவை அனைத்தும் அவர் கண் முன்னே மாறிகளாக இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்து, நள்ளிரவில், அந்தக் குறிமுறையை (நிரல் வரிகளை) பார்த்தே இராத ஒருவர் அதைப் படிப்பார் என்பது அவர் நினைவில் வரவில்லை. என் கணிப்பில் லாக் தொடர்பான பாதித் தவறுகள் இந்த மறதியிலிருந்து பிறப்பவை.

அந்த வரி இப்படி இருந்திருக்கலாம்: நேரம் 10:42:17.318 யுடிசி, நிலை பிழை, நிகழ்வு பணம்-திருப்பல்-தோல்வி, முன்பதிவு 448210, தொகை 1850 ரூபாய், முயற்சி 2, இடைமுகப் பதில் 504 (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பதற்கான குறியீடு), காத்த நேரம் 30 நொடி, கோரிக்கை எண் 90317725. வாக்கியமாக எழுதாமல், கணினி எளிதாகப் படிக்கும் ஜேசான் வடிவில் பெயரும் மதிப்புமாக எழுதினால், "முயற்சி ஒன்றுக்கு மேல், பதில் 504" என்று கேட்டவுடன் பட்டியல் வந்துவிடும். மூன்று நாள் வேலை மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இதில் கோரிக்கை எண்ணைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பயனரின் கோரிக்கை முதல் வாசலில் நுழையும்போதே அதற்கு ஓர் எண் கொடுத்து, அது தொடும் ஒவ்வொரு சேவைக்கும் அதைக் கடத்த வேண்டும். இதற்கென 2020-இல் வெப் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி கோரிக்கையோடு கூடவே போகும் தலைப்புக்கு (ஹெடர்) ஒரு பொதுவான வடிவத்தையே பரிந்துரைத்திருக்கிறது. சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பிழையைப் பிடித்து, அதன் செய்தியை மட்டும் எழுதிவிட்டு, எந்த வரியில் எப்படி நேர்ந்தது என்ற அடுக்குத் தடத்தை எறிந்துவிடுவதும் இதே குடும்பத்துத் தவறு. தடத்தை எழுதினாலும் அது நாற்பது தனித்தனி லாக் வரிகளாகச் சிதறாமல் ஒரே பதிவுக்குள் அடங்க வேண்டும்.

ஒரு சிறு இடைச்செருகல்: பைத்தானின் ஜேசான் நூலகம் இயல்பு நிலையில் தமிழ் எழுத்துகளையும் பிரெஞ்சு மேற்குறி எழுத்துகளையும் எண் குறியீடுகளாக மாற்றி எழுதும். மொரீசியஸில் பல ஊர்ப்பெயர்களுக்கு மேற்குறி உண்டு. வெறும் உரையாக லாக்கில் "எபேன்" என்று தேடினால் எதுவும் கிடைக்காது. ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

எழுதாமல் விடுவது ஒரு பிழை என்றால், எழுதக் கூடாததை எழுதுவது குற்றம். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களை மறைக்குறியாக்குவதற்கு முன்பே உள் லாக் ஒன்று அவற்றை அப்படியே எழுதிவைத்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. "வரும் கோரிக்கையை முழுதாக லாக் செய்" என்ற ஒரு வரி போதும். கடவுச்சொல், அட்டை எண், உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் டோக்கன் எல்லாம் உள்ளே போய்விடும். அட்டையின் பின்புறத்து மூன்று இலக்க எண்ணை, கட்டணம் உறுதியான பிறகு எங்கும் வைத்திருக்கக் கூடாது என்பது அட்டைத் துறையின் விதி. லாக்கும் அந்த "எங்கும்" என்பதில் அடங்கும்.

இங்கே கூடுதலாக ஒன்று. மொரீசியஸ் தேசிய அடையாள எண்ணை வெறும் எண்ணாக நினைக்காதீர்கள். அது குடும்பப் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும். அடுத்த ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அதை லாக்கில் எழுதினால் ஆளையே பாதி எழுதியதாகிவிடும். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2017, தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. லாக்கிலிருந்து கசிந்தது என்பதற்காகச் சலுகை கிடையாது. எவற்றை மறைப்பது என்று பட்டியல் போடுவதைவிட, எவற்றை எழுதலாம் என்று பட்டியல் போடுங்கள். முதல் பட்டியல் எப்போதும் ஒன்றை மறந்திருக்கும்.

பயனர் அனுப்பும் உரையை அப்படியே எழுதுவதும் ஆபத்துதான். அதற்குள் வரிமாற்றக் குறி இருந்தால் உங்கள் லாக்கில் பொய்யான வரி ஒன்றை அவர் எழுதிவிடலாம். 2021 டிசம்பரில் ஜாவா மொழியின் லாக் நூலகமான லாக்4ஜேயின் ஓட்டை வெளியானபோது உலகம் பார்த்தது இதைவிட மோசம்: குறிப்பிட்ட வடிவிலான சரம் ஒன்றை லாக் செய்தாலே வெளியாளின் குறிமுறை சர்வரில் ஓடியது. லாக் நூலகத்தையும் மற்ற நூலகங்களைப் போலவே புதுப்பித்துவர வேண்டும்.

பயந்துபோய் எல்லாவற்றையும் எழுதத் தொடங்குபவர்கள் கட்டணச் சீட்டைப் பார்த்து விழிப்பார்கள். நொடிக்கு 20 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 10 வரி, வரிக்கு 500 பைட் என்று வையுங்கள். நாளுக்கு 8.64 ஜிபி, மாதத்துக்கு ஏறத்தாழ 260 ஜிபி. அமேசானின் வர்ஜீனியா பிராந்தியத்தில் ஒரு ஜிபியை உள்ளே சேர்க்கவே அரை டாலர்; அந்தக் கணக்கில் 130 டாலர், சேமிப்பும் தேடலும் தனி. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் சுமைப் பகிர்வி 30 நொடிக்கு ஒருமுறை வந்து "உயிரோடு இருக்கிறாயா" என்று கேட்பது மட்டுமே ஒரு நாளில் 2,880 வரி. அதை லாக்கிலிருந்து நீக்குங்கள். பிழை தேடுவதற்கான நுணுக்க வரிகளை எழுதும் டீபக் நிலையை, பயனர்கள் பயன்படுத்தும் உற்பத்திச் சூழலில் அணைத்துவையுங்கள். ஆனால் செயலியை மறுபடி நிறுவாமலே அதை முடுக்கிவிட வழி வைத்திருங்கள்.

எவ்வளவு காலம் வைப்பது என்பதைச் சேவையின் இயல்பு அமைப்புக்கு விட்டுவிடுவதும் தவறு. கிளவுட்வாட்ச் நீங்கள் சொல்லாவிட்டால் எதையும் அழிக்காது. கூகுள் கிளவுடின் இயல்பான தொகுப்போ 30 நாளில் அழித்துவிடும். அட்டைக் கட்டணத்துக்கு எதிரான ஆட்சேபம் மூன்று, நான்கு மாதம் கழித்தும் வரலாம். ஆகவே கட்டணம் தொடர்பான லாக்கைத் தனியாகப் பிரித்து நீண்ட நாள் வைத்தோம், மற்றவற்றை 30 நாளில் விட்டோம்.

இப்போது மாதம் ஒருமுறை ஒரு பயிற்சி வைக்கிறோம். சோதனைச் சூழலில் வேண்டுமென்றே ஒரு முன்பதிவைக் கெடுத்துவிட்டு, அணிக்குப் புதிதாக வந்தவரிடம் லாக்கை மட்டும் கொடுத்து என்ன நடந்தது என்று கேட்போம். குறிமுறையைப் பார்க்கக் கூடாது, எங்களிடமும் கேட்கக் கூடாது. மதுரையிலிருந்து வந்த தம்பி ஒருவர் முதல் முறை ஐம்பது நிமிடம் போராடிவிட்டு நிமிர்ந்தார்: "அண்ணா, கோரிக்கை எண் இதுவரைக்கும் வருகிறது. பணம் திருப்பும் வேலை வரிசைக்குள் போனதும் அறுந்துவிடுகிறது."

உண்மைதான். வரிசையிலிருந்து வேலையை எடுத்து, பணத்தை அனுப்பி, "முடிந்தது" என்று குறிக்கும் முன் அந்தப் பகுதி விழுந்தால், எழுந்தவுடன் அதே வேலையை மறுபடி எடுக்கும். அங்கே எண்ணைச் சேர்த்த பிறகுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. பொங்கலன்று இருமுறை பணம் போனது அந்த இடத்தில்தான்.