கற்திட்டையின் சாய்வை லேசர் வருடியால் (ஸ்கேனரால்) அளக்கும் முறை

பழனி மலையில் தாண்டிக்குடிப் பகுதியிலுள்ள கற்திட்டைகளைப் (பலகைக்கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச்சின்னங்களைப்) போன்றவற்றை அளக்கும்போது, வருடிய பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்த உதவும் குறியட்டைகளைப் பலகைக்கல்லில் ஒட்டாமல், சற்றுத் தள்ளி அசையாத பாறைமேல் நிறுத்துங்கள். கல்லோடு குறியும் சேர்ந்து நகர்ந்தால் நகர்வே தெரியாமல் போய்விடும்.

மூடுபனியில் கதிர் நீர்த்துளிகளில் பட்டுச் சிதறும். நனைந்த கருங்கல்லோ கதிரைச் சரிவரத் திருப்பி அனுப்பாது. ஆகவே வெயிலேறிக் கல் உலர்ந்தபின் தொடங்கி, நான்கு புறமிருந்தும், மூடுகல்லின் அடிப்பக்கம் தெரியும்படி தாழ்வாகவும் வருடுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த புள்ளித்திரள்களை, அதாவது கல்லின் மேற்பரப்பை வருடி பதிவுசெய்த புள்ளித் தொகுப்புகளை, பொருத்தி, பக்கக்கல்லின் சாய்வையும், குறிப்பாக மூடுகல் அமர்ந்திருக்கும் விளிம்பையும் ஒப்பிடுங்கள். பொருத்துவதிலேயே 3 மில்லிமீட்டர் பிழை இருக்கையில், 2 மில்லிமீட்டர் வேறுபாட்டை நகர்வென்று எழுதுவது தவறு. பாசி தடித்தாலும் கல் புடைத்ததுபோலத் தோன்றும். அதைச் சுரண்டிவிடாதீர்கள், கல்லின் மேல்தோலும் உடன் வந்துவிடும். உட்பிளவை லேசர் காட்டாது. அதைக் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் ஆராய்ந்தே சொல்லவேண்டும்.